மிச்ச வெப்பம்

1968 நவம்பர் 23 அன்று எஸ்ஸா-7 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பிய துண்டுப்படங்களை ஒட்டிச் சேர்த்து வட அரைக்கோளத்தின் முழுப்படம் ஒன்றைத் தயாரித்தார்கள். மேகச் சுழிகள் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்த அந்தப் படத்தின் நடுவே, துருவம் இருக்கவேண்டிய இடத்தில், கத்தரித்து எடுத்ததுபோல் ஒரு கரிய வட்டம். 1970-இல் ரே பாமர் என்பவர் தான் நடத்திவந்த பறக்கும் தட்டு இதழில் அதை வெளியிட்டு, பூமியின் உள்ளே இருப்பது வெற்றிடம், இந்த வட்டம்தான் அதற்கு வாசல் என்றார். அதை நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் வடதுருவத்தில் சூரியன் உதிப்பதில்லை. வெளிச்சத்தை நம்பியிருந்த கேமராவுக்கு வெளிச்சமில்லாத இடம் பதிவாகவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

பாமரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கரிய வட்டம் இன்னும் இருக்கிறது. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் ஏதாவது ஒரு ஜூன் மாதத் தேதியைக் கொடுத்து அண்டார்டிகாவைப் பாருங்கள். சுற்றிலும் கடல், கடலின் மேல் மேகங்கள், நடுவில் ஒரு கண்டம் இருந்த இடமே தெரியாத இருட்டு. அதே தளத்தில் அகச்சிவப்பு வெப்பநிலைப் படலத்தைத் தட்டினால் இருட்டு நிரம்பத் தொடங்குகிறது. செயற்கைக்கோள் ஒருமுறை கடந்துபோனதற்கு ஒரு பட்டை, அடுத்த முறைக்கு இன்னொன்று. துருவத்துக்கு அருகில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விசிறியை விரித்த மாதிரி கண்டம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. நீலம், கருநீலம், ஊதா. ஊதா நிறத்தில் இருப்பவைதான் பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடங்கள்.

அந்த நிறங்களை நம்ப வேண்டியதில்லை. கோளிலிருந்து வருவது எண்களின் அடுக்கு மட்டுமே. குளிருக்கு நீலம் என்பது நாம் பழக்கத்தில் வைத்துக்கொண்ட ஏற்பாடு. வானத்தில் நீலமாகத் தெரியும் விண்மீன்கள்தான் உண்மையில் அதிகச் சூடானவை. இரவுச் செய்தியில் வங்கக்கடல் தாழ்வழுத்தத்தைக் காட்டும் இன்சாட் படமும் அகச்சிவப்புப் படம்தான். அதில் குளிர்ச்சி அதிகமான இடத்துக்கு வெள்ளை பூசுகிறார்கள். உயரத்தில் இருக்கும் மேகம் கடலைவிடக் குளிர்ந்தது என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது, நமக்கும் அது மேகம் என்று உடனே புரிந்துவிடுகிறது. இதே வழக்கத்தை அண்டார்டிகாவின் குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால் எல்லாம் தலைகீழாகிவிடும். அங்கே தரை மேகத்தைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. எனவே தரை வெள்ளை, மேகம் கறுப்பு. சில சமயம் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். மேகம் எது, பனி எது என்று பிரிப்பது துருவ இரவைப் படிப்பவர்களுக்குத் தீராத தலைவலி. மேகத்தைத் தரையென்று எடுத்துக்கொண்டால் கிடைக்கும் எண் குளிரைக் குறைத்துக் காட்டிவிடும்.

சரி, இருட்டில் கோள் எதைத்தான் பார்க்கிறது? 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் பாதரசம் அதிகம் ஏறியது. வெப்பமுள்ள எந்தப் பொருளும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கதிரை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று. பனியும் அப்படித்தான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு தரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 480 வாட் அளவில் வெப்பத்தை வெளிவிடுகிறது. மைனஸ் 98 டிகிரியில் இருக்கும் பனி விடுவது சுமார் 53 வாட். ஒன்பதில் ஒரு பங்கு. சுமார் 700 கி.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கருவி இந்தச் சொற்ப மிச்சத்தைப் பிடித்து எண்ணாக்குகிறது. குளிரை யாரும் படமெடுப்பதில்லை. எடுக்கப்படுவது இன்னும் போகாமல் இருக்கும் வெப்பம்.

தரையிலிருந்து கிளம்பும் கதிர் கோளை எட்டுவதற்குள் காற்று அதில் கொஞ்சத்தை விழுங்கி, தன் பங்குக்குக் கொஞ்சத்தைச் சேர்க்கிறது. இந்தக் கொடுக்கல்வாங்கலுக்குக் கணக்குச் சொன்ன அடிப்படை நூல்களில் ஒன்று சுப்ரமணியன் சந்திரசேகர் 1950-இல் வெளியிட்ட 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்'. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அதை எழுதியது விண்மீன்களின் வளிமண்டலத்தையும் பகல் வானத்தின் ஒளியையும் மனதில் வைத்து. அந்தச் சமன்பாடுகளின் வழிவந்தவைதான் இன்று துருவ இரவின் எண்களையும் சலித்துத் தருகின்றன. அவரைப் பற்றித் தமிழில் பேசும்போது நோபல் பரிசோடும் வெண்குறுமீன்களோடும் நிறுத்திக்கொள்கிறோம்.

இனி அந்த ஊதா நிறத்துக்கு வருவோம். கிழக்கு அண்டார்டிகப் பீடபூமியின் உச்சியில் டோம் ஆர்கஸ், டோம் ஃபூஜி என்று இரண்டு மேடுகள். இரண்டையும் இணைக்கும் பனிமுகடு 3,800 மீட்டருக்கு மேல். கொலராடோவின் போல்டர் நகரில் இருக்கும் தேசியப் பனி, பனிப்பாளத் தரவு மையத்தைச் சேர்ந்த டெட் ஸ்காம்போஸும் அவரது குழுவினரும் பல ஆண்டுகளின் அகச்சிவப்புப் பதிவுகளை அலசி, 2013 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கூட்டத்தில் ஒரு எண்ணை அறிவித்தார்கள். 2010 ஆகஸ்ட் 10 அன்று இந்த முகட்டின் ஓரத்தில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 93.2 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 கோளின் வெப்ப உணரி, அதுவரை பயன்பட்ட மோடிஸ் என்ற அகச்சிவப்புக் கருவியைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாக, நூறு மீட்டரை ஒரு புள்ளியாகக் காட்டக்கூடியது. அதைக் கொண்டு பார்த்தபோது குளிர் முகட்டின் உச்சியில் இல்லை என்று தெரிந்தது. உச்சியிலிருந்து சற்றுக் கீழே, சரிவில் இருக்கும் பள்ளங்களில் இருந்தது.

பள்ளம் என்றால் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம்தான். அதுவும் கி.மீ. கணக்கில் பரந்து கிடப்பதால், நடந்துபோகிறவனுக்குக் காலுக்குக்கூடத் தெரியாது. ஆனால் காற்றுக்குத் தெரியும். பனியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப்போய், மழைநீர் தாழ்ந்த இடம் தேடி வழிவதுபோல் சரிவில் நகர்ந்து அந்தப் பள்ளங்களில் தேங்குகிறது. தேங்கிய இடத்திலேயே இன்னும் குளிர்கிறது. வானம் நாள்கணக்கில் தெளிவாக இருக்கவேண்டும், காற்றில் ஈரம் என்பதே அற்றுப்போயிருக்கவேண்டும். நீராவிதான் பூமியின் வெப்பத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் முதன்மையான வாயு. அது இல்லையென்றால் தரையின் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குப் போய்விடும்.

2018-இல் இதே குழு மறுபடியும் எழுதியது. 2004 முதல் 2016 வரையிலான குளிர்காலங்களின் மோடிஸ் பதிவுகளை, பீடபூமியில் நிற்கும் தானியங்கி வானிலைக் கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது, மைனஸ் 93 மைனஸ் 98 ஆகிவிட்டது. பூமி மேலும் குளிர்ந்துவிடவில்லை. கணக்கு நேரானது. இதைவிட என் கவனத்தைப் பிடித்தது வேறு. இந்த மைனஸ் 98 ஒரே ஒரு பள்ளத்தில் அகப்பட்ட அதிசயமாக இருக்கவில்லை. ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளியிருக்கும் ஏறக்குறைய நூறு இடங்கள், வெவ்வேறு இரவுகளில், அதே அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றிருந்தன. அதற்குக் கீழே போக முடியவில்லை. எவ்வளவு வறண்டாலும் காற்றில் துளி நீராவி மிஞ்சும், கரியமில வாயு இருக்கும். அவை கீழே அனுப்பும் வெப்பமும் தரை இழக்கும் வெப்பமும் சமமாகும் இடத்தில் குளிர் நின்றுவிடுகிறது. நம் வளிமண்டலத்தோடு இந்தப் பூமியின் தரை எவ்வளவுதான் குளிர முடியும் என்பதற்கு விடை ஏறக்குறைய இதுதான். (மைனஸ் 78.5-இல் கரியமில வாயு உறையுமே, அங்கே அது பனியாகக் கொட்டாதா என்று கேட்கலாம். அந்தக் கணக்கு வாயு முழு வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால். காற்றில் கலந்திருக்கும் சொற்ப அளவு உறைய மைனஸ் 140-க்கும் கீழே போகவேண்டும்.)

இங்கே இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. 1970-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-4 கோளில் இருந்த ஒரு நிறமாலைக் கருவி சகாராவையும் மத்தியதரைக் கடலையும் அண்டார்டிகாவையும் அளந்தது. முதல் இரண்டிலும் கரியமில வாயு உறிஞ்சும் அலைநீளத்தில் ஒரு பெரிய பள்ளம். தரையின் வெப்பத்தை வாயு பிடித்துவைத்திருப்பதன் அடையாளம். அண்டார்டிகாவின் வளைகோட்டில் அதே இடத்தில் பள்ளத்துக்குப் பதில் மேடு. தரை மேலேயுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே வாயுதான் அதிகமாக ஒளிர்கிறது. புவி வெப்பமடைவதை மறுப்பவர்களில் சிலர் இந்த மேட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பாமரின் வட்டத்தைப்போலவே இதுவும் சரியாக எடுக்கப்பட்டுத் தப்பாகப் படிக்கப்பட்ட படம். வறண்ட காற்றுதான் அங்கே குளிரைக் காக்கிறது என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2022 மார்ச்சில் அதே பீடபூமியின் மேல் கடலிலிருந்து ஈரக்காற்று ஒன்று நுழைந்தது. டோம் சி-யில் இருக்கும் கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 12 வரை ஏறியது. அந்தப் பருவத்துக்கு வழக்கமானதைவிட ஏறக்குறைய 40 டிகிரி அதிகம். ஈரம் வந்தால் அந்த இடம் எப்படி மாறும் என்பதற்கு அது போதுமான சான்று.

ஆனால் உலகத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை எது என்று உலக வானிலை அமைப்பைக் கேட்டால் மைனஸ் 98 என்று சொல்லமாட்டார்கள். 1983 ஜூலை 21, வோஸ்டாக் நிலையம், மைனஸ் 89.2. சோவியத் நாட்டினர் 1957-இல் அமைத்த நிலையம் அது. 3,488 மீட்டர் உயரம். அந்த எண்ணுக்கு முந்தைய ஆண்டு, 1982 ஏப்ரலில், அங்கே மின்நிலையம் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். குளிர்காலத்தில் விமானம் வரமுடியாது. மீதமிருந்தவர்கள் கையில் கிடைத்த இரும்பைக்கொண்டு டீசல் அடுப்பு செய்து, புகையைத் தின்று, அடுத்த கோடை வரை உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் காலத்தில்தான் 89.2 பதிவானது.

உலக வானிலை அமைப்பின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. கோள் பார்ப்பது பனியின் மேல்தோலை. தரையோடு ஒட்டிய அந்த மெல்லிய படலம்தான் எல்லாவற்றிலும் குளிர்ந்தது. ஒரு ஆள் உயரத்துக்குப் போனாலே காற்று சில டிகிரி கூடுதலாக இருக்கும். வானிலை நிலையங்கள் அளப்பது அந்த உயரத்துக் காற்றை. ஸ்காம்போஸ் குழுவே மைனஸ் 98-ஐக் காற்றுக்கு மாற்றிச் சொன்னபோது மைனஸ் 94, அதிலும் நான்கு டிகிரி இப்படியோ அப்படியோ போகலாம் என்றுதான் சொன்னது. ஒரு வகை அளவை இன்னொரு வகையோடு பந்தயம் விடக்கூடாது என்பது நியாயம்.

இருந்தாலும் வோஸ்டாக்கின் எண்ணைவிடக் கோளின் எண் அந்த நிலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பதே என் எண்ணம். வோஸ்டாக்கில் குளிர் பதிவானது அங்கே ஆள் இருந்ததால். குளிரின் பழைய வரைபடம் முழுவதுமே இப்படித்தான். வட அரைக்கோளத்தில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த சைபீரிய ஊர் வெர்கோயான்ஸ்க். 1892 பிப்ரவரியில் மைனஸ் 67.8. ஜார் அரசு தனக்குப் பிடிக்காதவர்களை நாடுகடத்தி அனுப்பிவைத்த ஊர்களில் அது ஒன்று. தண்டனைக்குப் போனவர்கள் இருந்த இடத்தில் வெப்பமானியும் இருந்தது. அதைவிடக் குளிரான இடங்கள் கிரீன்லாந்தின் பனிவிரிப்பின் மேல் அப்போதும் இருந்தன, அளக்க யாருமில்லை. பிறகு கிளிங்க் என்ற இடத்தில், 3,105 மீட்டர் உயரத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் ஒரு தானியங்கிக் கருவியை நிறுத்தினார்கள். 1991 டிசம்பர் 22 அன்று அது மைனஸ் 69.6 என்று குறித்தது. கருவி குறித்தது, கோப்பில் கிடந்தது. பழைய பதிவுகளைத் தோண்டியவர்கள் கண்டெடுத்து, சரிபார்த்து, 2020-இல்தான் அதை வட அரைக்கோளத்தின் சாதனையாக ஏற்றார்கள். ஏறக்குறைய 29 வருடங்கள் வெர்கோயான்ஸ்க், ஓய்மியாகோன் ஆகிய இரண்டு சைபீரிய ஊர்களும் இல்லாத பட்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஆள் போய் அளந்ததற்கு ஒரு உதாரணம் போதும். 1911 ஜூன் 27 அன்று எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், அப்ஸ்லி செர்ரி-கேரார்ட் மூவரும் அண்டார்டிகாவின் கேப் எவன்ஸிலிருந்து கேப் குரோசியருக்கு நூறு கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தூரம் பனிவண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எம்பரர் பென்குயின் நடுக்குளிர்காலத்தில்தான் முட்டையிடும். அந்தக் கருவைப் பார்த்தால் பறவைகள் ஊர்வனவற்றிலிருந்து வந்த வழி தெரியும் என்பது வில்சனின் நம்பிக்கை. முழு இருட்டு. பவர்ஸ் வானிலைக் குறிப்பேட்டை விடாமல் எழுதினார். ஜூலை முதல் வாரத்தில் அவர்களது வெப்பமானி மைனஸ் 60-க்கும் கீழே போனது. ஒருநாள் காலை செர்ரி-கேரார்ட் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து, சுற்றிப் பார்க்கத் தலையை உயர்த்தினார். வியர்வையும் மூச்சும் ஊறிய உடுப்பு அந்தச் சில நொடிகளில் பலகையாக உறைந்துவிட்டது. தலையைக் கீழே இறக்க முடியவில்லை. நாலு மணி நேரம் அண்ணாந்தபடியே வண்டி இழுத்தார். அதற்குப் பிறகு மூவரும் வெளியே வந்ததும் முதல் வேலையாக வண்டி இழுக்கும் தோரணையில் குனிந்து நின்று, அந்த நிலையில் உறைந்துகொண்டு, பிறகு நடக்கத் தொடங்குவார்கள். மூன்று முட்டைகள் கொண்டுவந்தார்கள். வில்சனும் பவர்ஸும் அடுத்த மார்ச்சில் தங்கள் பயணத் தலைவர் ஸ்காட்டோடு கூடாரத்தில் இறந்துபோனார்கள். முட்டைகள் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. வில்சன் எதிர்பார்த்த விடை அவற்றில் இல்லை.

மைனஸ் 98-க்கு இப்படி ஒரு கதை கிடையாது. யாருடைய கழுத்தும் அந்த இரவில் உறையவில்லை. அது குறையா என்று யோசித்தால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணுக்கு ஒரு உடம்பு சாட்சியாக நிற்கவேண்டும் என்ற ஆசை இலக்கியத்துக்குப் பொருந்தும். வானிலைக்கு அது எந்த விதத்திலும் உதவாது. செர்ரி-கேரார்டின் கழுத்து அவர் நின்ற இடத்தின் குளிரை மட்டும் அறிந்தது. அதே பென்குயின்களை இன்று பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேக்காரர்கள் லேண்ட்சாட் படங்களில் தேடுகிறார்கள். பறவைகள் தெரிவதில்லை, அவற்றின் எச்சம் பனிமேல் விட்ட பழுப்புக் கறை தெரிகிறது. 2012-இல் நுணுக்கமான படங்களிலிருந்து எண்ணியபோது கணக்கு சுமார் 5,95,000 வந்தது. அதுவும் சூரியன் திரும்பிவந்த பிறகு எடுத்த படங்களில். முட்டையிடும் இருட்டில் கறை தெரியாது.

இருட்டையும் மேகத்தையும் ஒருசேரத் துளைத்துப் பார்க்க நுண்ணலை வேண்டும். கடற்பனியும் நீரும் அந்த அலைநீளத்தில் வெவ்வேறாக ஒளிர்வதால் இரண்டையும் எந்த இரவிலும் பிரித்துவிடலாம். 1972-இல் போன நிம்பஸ்-5, 1974 குளிர்காலத்தில் வெட்டல் கடலின் பனி நடுவில் திறந்த நீர்ப்பரப்பு ஒன்றைக் காட்டியது. இரண்டரை லட்சம் சதுர கி.மீ. அளவு. கரையிலிருந்து வெகுதூரத்தில், உறைந்தே தீரவேண்டிய பருவத்தில், மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து திறந்திருந்தது. ஆழத்திலிருந்து வெப்பமான நீர் மேலே வந்து பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. இது நிஜமாகவே ஓட்டை, ஆனால் இதை வைத்து யாரும் இதழ் நடத்தவில்லை. 2017-இல் அதற்குப் பக்கத்தில் சிறியதொன்று மறுபடி திறந்தபோது, கோளின் படத்தோடு, கடலில் மிதக்கவிட்ட கருவிகளும் யானை சீல்களின் தலையில் ஒட்டிய உணரிகளும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் சொல்லிக்கொண்டிருந்தன. ஆக, உடம்பு இன்னும் போகிறது. நம்முடையதுதான் போகவில்லை.

மைனஸ் 98-ஐ அளந்த மோடிஸ் கருவிகளைச் சுமக்கும் டெரா, அக்வா என்ற கோள்கள் முறையே 1999-இலும் 2002-இலும் ஏவப்பட்டவை. பாதையைச் சரிசெய்ய வைத்திருந்த எரிபொருள் தீர்ந்துகொண்டுவர, இரண்டும் வழக்கமாகக் கடக்கும் நேரத்தைவிட்டு விலகி ஓடுகின்றன. அடுத்த தலைமுறைக் கோள்களில் வியர்ஸ் என்ற கருவி அதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஒரு கருவியின் ஊதாவும் இன்னொன்றின் ஊதாவும் ஒன்றுதானா என்பதைத் தீர்மானிக்க, 93 எப்படி 98 ஆனது என்பதற்குப் பதில் சொல்லிய அதே ஆட்கள்தான் வேண்டும்: பீடபூமியில் நிற்கும் சில தானியங்கிக் கம்பங்கள். அங்கே பனி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் சேர்கிறது என்றாலும், சேரச் சேரக் கம்பம் புதைந்து, வெப்பமானி தரையை நெருங்கிவிடும். தரையை நெருங்கினால் அளவும் குறையும். ஆகவே சில கோடைகளுக்கு ஒருமுறை யாராவது விமானத்தில் போய், கம்பத்தைப் பெயர்த்து, பழைய உயரத்துக்குத் தூக்கி நட்டு, மின்கலத்தை மாற்றிவிட்டு வரவேண்டியிருக்கிறது.